புக்கிட் பாத்தோக் புலிகள்: ஃபேஸ் பெயிண்டிங் தேர்ச்சி குறித்து ஓர் ஆராய்ச்சி

சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி 1930ஆம் ஆண்டு சுவா சூ காங் பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் அத்தோடு புலி அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள் என்பதே இவ்வாய்வின் முதல் முடிபு. சுவா சூ காங்கில் எம்ஆர்டி ஏறி இரண்டாவது நிறுத்தமான புக்கிட் பாத்தோக்கில் இறங்கி, ஏதாவதொரு கொண்டாட்ட நாளில் புளோக்குகளின் கீழ்த்தளத்தைச் சுற்றி வந்தால் புலிகளை இன்றும் காணலாம். உயரம் சுமார் மூன்றரை அடி. உணவு கறி பஃப், மைலோ. இரவுக் குளியலோடு ஆயுள் முடிகிறது.

புலியை ஆராய்ந்தவர்கள் உண்டு. புலியைப் படைப்பவரை ஆராய்ந்தவர் இல்லை. மடக்கு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர்க் குவளை, வண்ணக் கட்டிகள், ஈரத்தாள் பொட்டலம், ஒரு கைக்கண்ணாடி: களம் இவ்வளவுதான். ஒரு நாற்காலியில் இருப்பவரைப் பெரியவர்கள் ‘அக்கா’ என்கிறார்கள், பிள்ளைகள் ‘ஆண்ட்டி’ என்கிறார்கள். வார நாள்களில் அலுவலகம் போகிறவர். ஒரு நிகழ்ச்சியில் ஆள் குறைகிறது என்று தூரிகையைக் கையில் கொடுத்தார்கள். அப்புறம் அவரும் விடவில்லை, அவர்களும் விடவில்லை. ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அவர் தேறியிருக்கிறாரா? தேறியிருந்தால் அது எதில் தெரிகிறது? அவருக்கே தெரிகிறதா?

ஆய்வுமுறைப்படி முதலில் திணை கூற வேண்டும். ஊர் குன்றைச் சார்ந்தது, ஆகவே குறிஞ்சி. குறிஞ்சியின் கருப்பொருளில் புலி உண்டு என்பதில் இலக்கணிகளுக்குள் சண்டை இல்லை. பொழுதில்தான் இடிக்கிறது. குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம். அக்காவின் மேசை போடப்படுவதோ மாலையில், அது முல்லைக்கு உரியது. வரிசையில் நிற்கும் பெற்றோர் செய்வது இருத்தல், அதுவும் முல்லை. தம்பிக்கு முதலில் வரைந்துவிட்டார்கள் என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வது ஊடல், மருதம். “ஆண்ட்டி, முடிஞ்சிருச்சா?” என்று பாதி மீசையோடு கேட்பது இரங்கல், நெய்தலும் வந்துவிட்டது. பாலை ஒன்றுதான் பாக்கி. கடைசிப் பிள்ளையின் முறை வருமுன் ஆரஞ்சு வண்ணம் தீரும்போது அதையும் காணலாம். ஐந்து திணையும் ஒரே மேசையைச் சுற்றி மயங்கி நிற்பதற்கு வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி ஆதாரச் சிக்கல். இந்த வட்டாரத்தில் முன்பு கருங்கல் குவாரிகள் இருந்தன. ஒன்று இருந்த இடம் 1988இல் புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்கா ஆனது. இன்னொன்று பக்கத்து கோம்பாக்கில் நீர் நிறைந்து, லிட்டில் குவிலின் என்ற பெயரோடு கல்யாண ஜோடிகளின் படங்களுக்குப் பின்னால் நிற்கிறது. அந்தப் பாறை முகங்களில் வெட்டிய சுவடு இன்னும் இருக்கிறது. ஆட்கள் எதுவரை வந்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று பார்த்தே சொல்லலாம். பிள்ளையின் முகத்தில் அந்த வசதி கிடையாது. எட்டு மணிக்கு அம்மா குளியலறைக் கதவைத் திறந்தால் அன்றைய தொல்லியல் களம் முழுவதும் சாக்கடைக்குப் போய்விடுகிறது.

தோலில் எழுதும் கலைகளை நிலைக்கும் காலத்தின்படி வரிசைப்படுத்திப் பார்த்தேன். பச்சை குத்துதல் ஆயுளுக்கும் நிற்கும். மருதாணி ஒன்றிரண்டு வாரம் தாங்கும். தேக்காவில் போட்டுக்கொண்ட மருதாணி, போட்டுக்கொண்டவரின் கையோடு ரயில் ஏறி, அலுவலகம் போய், ஒரு வாரம் விளம்பரம் செய்யும். கொடி கோணியிருந்தால் ஒரு வாரம் மானத்தை வாங்கும். எப்படியானாலும் போட்டவருக்குச் சேதி வந்து சேரும். சங்ககாலப் பெண்கள் தோளிலும் மார்பிலும் எழுதிக்கொண்ட தொய்யில், வியர்வைக்கும் தழுவலுக்கும் அழியும். பட்டியலின் அடியில் ஃபேஸ் பெயிண்டிங். தண்ணீரில் கரைத்த வண்ணம் தண்ணீரிலேயே போய்விட வேண்டும். போகவில்லை என்றால்தான் புகார் வரும்.

கோலமும் நாள்தோறும் அழிவதுதானே, கோலம் போடுபவர் தம் தேர்ச்சியைக் காண்கிறாரே எனின், அற்றன்று. கோலத்துக்கு நோட்டு உண்டு. புள்ளி எண்ணி, இழை காட்டி, அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும் நோட்டு. அன்றியும் வாசல் தும்மாது.

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1834இல், ஃபூஜி மலைக் காட்சிகள் நூறு அடங்கிய தம் நூலின் பின்னுரையில், எழுபது வயதுக்கு முன் தாம் வரைந்தது எதுவும் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று எழுதினார். எழுபத்து மூன்றில்தான் விலங்கு, பறவைகளின் அமைப்பு கொஞ்சம் பிடிபட்டதாம். நூற்றுப் பத்து வயதில் தம் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிர்பெறும் என்பது அவர் கணக்கு. தொண்ணூறை ஒட்டி இறந்துபோனதால் கணக்கைச் சரிபார்க்க முடியவில்லை. அது கிடக்கட்டும். பழைய படங்கள் கைவசம் இருந்ததால் அவரால் அவற்றைத் தள்ளிவைக்க முடிந்தது. அக்காவுக்கு அந்தப் பெருமிதமும் வாய்க்காது. அவருடைய தொடக்ககாலப் புலிகளை பேபி ஷாம்பு ஏற்கெனவே தள்ளிவைத்துவிட்டது.

மிஞ்சுவது பெற்றோரின் கைப்பேசி. இந்த ஆவணக் காப்பகம் சிதறிக் கிடப்பது. புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் படங்கள் வரும். ஆனால் வருவது எல்லாம் ஆதாரமாகாது. சிலவற்றில் ஃபில்டர், புலியின் கன்னத்தைச் சிவக்க வைத்திருக்கிறது. சிலவற்றில் ஃபிளாஷ் வெள்ளைக்கோட்டை விழுங்கியிருக்கிறது. ஒரு படத்தில் மீசை என்று நான் குறித்துவைத்தது மைலோ. இவற்றையெல்லாம் கழித்தாலும் ஒரு பெரிய சிக்கல் எஞ்சும். தொடக்கத்தில் மூன்று வயதாக இருந்த பிள்ளை அடுத்தடுத்த ஆண்டுகளில் நான்கு, ஐந்து, ஆறு வயதோடு அதே நாற்காலியில் வந்து உட்காருகிறது. கன்னம் பெரிதாகிறது. முதுகு நேராகிறது. அசையாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. ஆறு வயதில் எடுத்த படத்தில் கோடு நேராக இருந்தால் தேறியது கையா, கன்னமா? கித்தானும் சேர்ந்து தேறுகிற ஓவியக்கலை உலகில் வேறெங்கும் இல்லை. ரெம்பிராண்ட்டுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

படத்தை நம்ப முடியாவிட்டால் கடிகாரத்தை நம்பலாமா? டி. பி. ரைட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் 1936இல் ஒரு விதியை வெளியிட்டார். கட்டிய விமானங்களின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது அது. விமானத்துக்குப் பொருந்துவது புலிக்கும் பொருந்தும் என்று கொள்வோம். முதல் புலிக்கு 15 நிமிடம் என்றால் இரண்டாவதற்கு 12. நான்காவதற்கு ஒன்பதரையைச் சற்றே தாண்டும். பதினாறாவது புலி ஆறு நிமிடத்தில் எழும். 128ஆவது புலி மூன்று நிமிடத்தைத் தொடும். நிகழ்ச்சிகளில் முகத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை செலவிடுவதே தொழிலில் வழக்கம் என்பதால் இதுவரை விதி நன்றாகவே உழைக்கிறது. விதியை நம்பி மேலே போனால் பத்து லட்சத்துச் சொச்சமாவது புலிக்குப் பத்து வினாடி போதும். அதற்கு வேண்டிய முகங்கள்தான் தீவில் இல்லை. சிங்கப்பூரின் மொத்தக் கருவுறுதல் விகிதம் 2023இல் 0.97க்கு இறங்கியது, ஒன்றுக்குக் கீழே போனது அதுவே முதல் முறை. மக்கள்தொகை அறிஞர்கள் இதை ஓய்வூதியம், தொழிலாளர் தட்டுப்பாடு என்ற கோணங்களில் மட்டுமே பேசுகிறார்கள். மூலப்பொருள் தட்டுப்பாடு என்ற கோணத்தில் பேச ஆளில்லை.

வேகமே தேர்ச்சி என்றும் சொல்லிவிட முடியாது. வரிசை நீண்டால் எவர் கையும் வேகமாகும். எனவே கிட்டே போய்ப் பார்க்க நேர்ந்தது.

புலிக்கு முதலில் ஸ்பாஞ்ச். நனைத்துப் பிழிந்து, ஈரம் இருந்தும் இல்லாத பதத்தில், ஆரஞ்சுக் கட்டியில் தேய்த்து நெற்றி, கன்னம் என்று ஒற்றிக்கொண்டு போகிறார். புருவத்துக்கு மேலும் வாயைச் சுற்றியும் வெள்ளை. இங்கே ஒரு நிறுத்தம். சிங்கப்பூரின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியிலேயே 80 விழுக்காட்டுக்கு மேல். அடிவண்ணம் காயுமுன் கறுப்பைத் தொட்டால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். பழைய படங்களில் புலிகள் எல்லாம் பழுப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இப்போது மேசை விசிறியைப் பிள்ளையின் பக்கம் திருப்பிவிட்டு, அந்த நேரத்தில் அடுத்த பிள்ளையிடம் “உனக்கு என்ன வேணும், புலியா, பட்டாம்பூச்சியா?” என்று கேட்டுவைத்துக்கொள்கிறார்.

பிறகு மூன்றாம் எண் உருண்டைத் தூரிகை. கறுப்புக் கட்டியின்மேல் வைத்துச் சுழற்றுகிறார். நுரை எழுந்தால் தண்ணீர் கூடிவிட்டது, கோடு ஒழுகும். தண்ணீர் குறைந்தால் கோடு பாதி வழியில் வறண்டு உடையும். எழுதும் மையின் பதம் வந்ததும் தூரிகை நுனியை நெற்றி ஓரத்தில் அழுத்தி, உள்நோக்கி இழுத்துக்கொண்டே மெல்லத் தூக்குகிறார். அழுத்திய இடம் பருத்தும் தூக்கிய இடம் மயிரிழையாகவும் முடிகிறது. இந்த ஒரு அசைவுதான் புலியின் வரி, பட்டாம்பூச்சியின் சிறகோரம், பூவின் இதழ் எல்லாமே. ஃபேஸ் பெயிண்டிங்கின் அரிச்சுவடி இதைத் தாண்டி அதிகம் இல்லை. தூரிகை பிடித்த கையின் சுண்டுவிரல் அப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பிள்ளையின் தாடையில் ஊன்றியிருக்கிறது. பிள்ளை அசைந்தால் விரல் அசையும், கை அசையும், கோடு மட்டும் கோணாது. யாரோ வரைந்துகொண்டிருக்கும்போது எடுத்துவைத்திருந்த ஒரு பழைய படத்தில் அதே விரல் அந்தரத்தில் நிற்கிறது, கோப்பை பிடித்துத் தேநீர் அருந்தும் சீமாட்டியைப் போல. காலத்தால் நிகழ்ந்த மாற்றம் என்று சத்தியம் செய்யத்தக்க முதல் தடயம் எனக்கு இங்கேதான் கிடைத்தது. அது முகத்தில் இல்லை, விரலில் இருந்தது.

கதகளியில் சுட்டி இடுபவருக்கு இந்தத் தொல்லை ஏது? நடிகர் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். தாடையை ஒட்டி அரிசிமாவும் சுண்ணாம்பும் கலந்த விளிம்பை மணிக்கணக்கில் எழுப்பலாம், இக்காலத்தில் காகிதத்தாலும் செய்கிறார்கள். நடிகர் தூங்கியே போவார். கே. பி. பாஸ்கர் 1952இல் சிங்கப்பூரில் தொடங்கிய நடனக் கூடத்தின் வழியே கதகளி இத்தீவின் மேடைக்கும் வந்தது. ஆனால் வேடத்துக்காக மல்லாந்து படுக்கும் பழக்கம் புக்கிட் பாத்தோக் பிள்ளைகளிடம் வேரூன்றவில்லை. நம் தெருக்கூத்துக் கலைஞரோ தாமே கண்ணாடி பார்த்து அரிதாரம் பூசிக்கொள்கிறவர். வரைந்தவரும் அவரே, வரையப்பட்டவரும் அவரே, கண்ணாடியும் அவர் பக்கமே திரும்பியிருக்கிறது; நேற்றைக்கு இன்று எப்படி என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆஸ்திரியாவில் 1998 முதல் உலக உடலோவிய விழா நடக்கிறது. அங்கே நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். புக்கிட் பாத்தோக்கில் நடுவருக்கு வயது ஆறு.

அந்த நடுவரைப் பற்றி ஒரு பத்தி அவசியம். பிள்ளையின் மகிழ்ச்சியே அளவுகோல் என்று ஒரு சாரார் வாதிடுவர். அளவுகோல் என்றால் அது ஏறவோ இறங்கவோ வேண்டாமா? பழுப்புச் சேற்றுப் புலிக்கும் பிள்ளை உறுமியது. இன்றைய நேர்த்தியான புலிக்கும் அதே சுருதியில் உறுமுகிறது. ஆகவே ஆறு வயது நடுவரை அன்போடு ஒதுக்கிவிட்டுப் பாட்டிமாரிடம் போவது நல்லது. பாட்டிகள் இரக்கமற்ற கருவிகள். “பூனை நல்லாருக்கும்மா” என்றால் புலி தேறவில்லை. “என்னது, தேனீயா?” என்றால் ஆரஞ்சு மஞ்சளாகிவிட்டது. பாட்டி ஒன்றும் கேட்காமல் பயந்ததுபோல் நடித்தால் தேர்வு முடிந்தது.

ஆகஸ்ட் மாதம் இன்னொரு சோதனை தானாக வந்து சேரும். தேசிய தினத்தை ஒட்டி எல்லாப் பிள்ளைகளும் கன்னத்தில் கொடி கேட்பார்கள். மேலே சிவப்பு, கீழே வெள்ளை. அதுவரை குழந்தையும் வரையும். சிவப்பில் இடப்பக்கம் ஒரு பிறையும் ஐந்து நட்சத்திரமும் வர வேண்டும். கன்னத்தின் அளவுக்கு நட்சத்திரம் ஒவ்வொன்றும் கடுகளவுதான். அந்தக் கடுகில் ஐந்து முனை. ஐந்து நட்சத்திரங்களும் மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் என்ற இலட்சியங்களைக் குறிப்பவை. முன்னேற்றத்தை அளக்க வந்த எனக்கு அரசே ஒரு நட்சத்திரம் ஒதுக்கியிருப்பது கண்டு மகிழ்ந்தேன். தொடக்ககாலக் கன்னங்களில் ஐந்தும் ஒரே வெள்ளைப் பொட்டாகக் கலந்திருந்தன. முன்னேற்றம் எது, அமைதி எது என்று பிரித்தறிய வழியில்லை. பிறகு ஐந்து பொட்டுகள் தனித்தனியே தெரிந்தன. அண்மைக்காலக் கன்னங்களில் முனைகள் இருக்கின்றன. உருப்பெருக்கிப் பார்த்தால் எண்ணவும் முடிகிறது. முகத்தில் கிடைத்த சான்றுகளில் நான் முழுதாக நம்புவது இதை ஒன்றைத்தான், ஏனென்றால் நட்சத்திரத்துக்கு முனை ஐந்து என்பதில் பெற்றோருக்கும் பாட்டிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் இவை எல்லாம் வெளியே நின்று பார்ப்பவருக்கானவை. வரைபவர் தம் தேர்ச்சியைக் காணும் இடம் எது? கண்ணாடியை நீட்டும் கணம் என்கிறேன் நான். பிள்ளையிடம் கண்ணாடியைக் கொடுக்கும்போது அவர் என்ன சொல்கிறார் என்பதை வைத்தே காலத்தைப் பகுக்கலாம்.

முதலாவது புகழ்ச்சிக் காலம். “சூப்பரா வந்திருக்கு, பாரு!” என்று கண்ணாடியை நீட்டுவார். புலி பூனையாக இருந்த நாள்கள் இவை. குறை அப்போதும் இருந்தது. அதைக் காணும் கண் இன்னும் திறக்கவில்லை.

இரண்டாவது மன்னிப்புக் காலம். “கொஞ்சம் கோணிப்போச்சு கண்ணா, பரவாயில்லையா?” படங்களை வைத்துப் பார்த்தால் இந்தக் காலத்துப் புலிகள் முந்தையவற்றைவிடப் பலமடங்கு மேல். ஆனால் வாய்ச்சொல் கீழே இறங்கிவிட்டது. காரணம், கைக்கு முன்பே கண் தேறிவிட்டது. வலக்கைக்காரருக்குப் பட்டாம்பூச்சியின் ஒரு சிறகு மணிக்கட்டின் போக்கிலேயே வரும், மறு சிறகுக்கு மணிக்கட்டை முறுக்க வேண்டும், இரண்டும் ஒத்துவராது. இந்த ஒத்துவராமை முதற்காலத்திலும் இருந்ததுதான், இப்போதுதான் கண்ணில் படுகிறது. அதனால் தேறத் தேறத் தாம் தேய்ந்துகொண்டே போவதாக அவருக்குத் தோன்றும். கலையை விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் விடுகிறார்கள் என்பது என் ஊகம்; படம் அழகாக வரத் தொடங்கிய பிறகு விடுகிறார்கள் என்பதுதான் அதில் உள்ள அநியாயம்.

இக்காலம் நீளமானது. பிரையன், ஹார்ட்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் தந்தி கற்பவர்களை ஆராய்ந்து 1897இலும் 1899இலும் எழுதினார்கள். தந்தி கேட்டு வாங்கும் திறன் கொஞ்ச காலம் ஏறி, பிறகு வாரக்கணக்கில் அசையாமல் நின்று, திடீரென்று மறுபடி ஏறியது. எழுத்தெழுத்தாகக் கேட்ட காது, சொல்லாகவும் தொடராகவும் கேட்கப் பழகும் இடைவேளை அது என்று விளக்கினார்கள். அக்காவின் பட்டாம்பூச்சியும் அப்படியே நின்றது. கோடு கோடாக வரைந்தவரை சிறகுகள் ஒத்துவரவில்லை. ஒருகட்டத்தில் இரண்டு சிறகுக்கும் முதலில் மூன்று புள்ளி வைத்துவிட்டுப் பிறகு இணைக்கத் தொடங்கினார். முகம் முழுவதையும் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார் என்று பொருள். புள்ளி வைக்கும் யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, “அம்மா கோலம் போடுறதைப் பாத்ததுதான்” என்றார். கோலத்தை இவ்வாய்விலிருந்து விலக்கியதை இந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்கிறேன்.

மூன்றாவது மௌனக் காலம். கண்ணாடியைப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டு, “அடுத்து யாரு?” என்கிறார். புகழ்வதும் இல்லை, மன்னிப்பும் இல்லை. கோடுகளும் குறைந்துவிட்டன, முன்பு கன்னமெல்லாம் வரி இழுத்தவர் இப்போது பக்கத்துக்கு நான்கைந்தோடு நிறுத்திக்கொள்கிறார், பாட்டிகள் அதற்கே பயப்படுகிறார்கள்.

இந்தப் பகுப்புக்குள் அடங்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் சேகரித்த படங்களை அக்காவிடம் காட்டினேன். ஹொக்குசாய்போல எல்லாவற்றையும் தள்ளுவார் என்பதே என் கருதுகோள். அவர் அந்தப் பழைய பழுப்புப் புலி ஒன்றை விரலால் பெரிதாக்கி, “இதுல மூக்கு நல்லா வந்திருக்கு, இல்ல? இப்ப நான் இப்படிப் போடுறதே இல்ல” என்றார். அடுத்த வாரம் வந்த புலிகளுக்கு அந்தப் பழைய மூக்கு இருந்தது. பழையதைப் பார்த்துத் தேறுவதை எந்தக் காலத்தில் வைப்பது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறேன்.

ஆராய்ச்சி தொடர ஆதாரம் வேண்டும். அது உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. இடம் போதவில்லை என்று படங்களை அழிக்க உட்காரும்போது, முகத்தில் புலியோ பட்டாம்பூச்சியோ நட்சத்திரமோ உள்ள பிள்ளையின் படம் வந்தால் நிறுத்துங்கள். அதை வரைந்தவரின் எண் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். தேதியோடு அவருக்கு அனுப்பி வையுங்கள். ஃபில்டர் போடாமல் அனுப்புங்கள். மைலோவைத் துடைத்துவிட்டு எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது.